பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள்

"பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊஞ்சலில் அமரக் கூடாது." எங்கள் பூங்காவில் இருந்த இந்தப் பலகையின் வாசகத்தை எழுதியவன் நான். 12 என்பதை எண்ணாக, பெரிதாக, சிவப்பில் எழுதச் சொன்னதும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லித் தொலைத்துவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. மனை பிரித்தபோது பொது உபயோகத்துக்கென்று விட்ட இடம் ரொம்ப நாள் முள்ளும் மழைக் குட்டையுமாகக் கிடந்து, பிறகு பூங்கா ஆனது. நான் ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் கட்டப்போகும் கட்டடங்களுக்குக் கோடு போட்டே ஆயுளைக் கழித்தவன். குடியிருப்போர் சங்கத்தில் பூங்காவுக்கு ஒரு படம் வரைந்து தரக் கேட்டார்கள். மூன்று பகுதியாகப் பிரித்து வரைந்தேன். குழந்தைகளுக்கு ஊஞ்சல், சறுக்குமரம், மணல். இளைஞர்களுக்கு ஓபன் ஜிம். மூத்தவர்களுக்கு எட்டுப் போட்டு நடக்கும் பாதை, ஓரத்தில் பெஞ்சுகள். நடுநடுவே முழங்கால் உயரத்துக்குச் செடி வேலி. காகிதத்தில் பார்க்க மிக அழகாக இருந்தது.

என் மகள் இந்த மூன்றில் எதில் சேர்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். எங்களுக்கு ஒரே பிள்ளை. பூங்கா திறந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. சிறப்புப் பள்ளியில் எழுத்து அரைகுறையாகத்தான் வந்தது, எண்கள் மட்டும் நன்றாக வந்தன. பஸ் நம்பர், வீட்டு நம்பர், காலண்டர், எல்லாவற்றையும் உரக்கப் படிப்பாள். வயது கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் புதிதாக வருபவர்களிடம் தன் வயதைச் சொல்லிவிட்டு அவர்கள் வயதையும் கேட்டு வாங்காமல் விடமாட்டாள். எத்தனையோ அம்மாமார்கள் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

பூங்காவில் அவளுக்கு வேண்டியது ஊஞ்சல் ஒன்றுதான். சாயங்காலம் ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். யாரும் தள்ளிவிட வேண்டாம். காலை நீட்டி, மடக்கி, அவளே உயரம் பிடிப்பாள். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் தலையைப் பின்னால் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டே ஆடுவாள். நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிடுவேன். அவளுக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது. வாயைத் திறந்து, தெரு முனை வரை கேட்கிற மாதிரி சிரிப்பாள்.

சிறுபிள்ளை யாராவது வந்து நின்றால் உடனே இறங்கி இடம் கொடுப்பாள். இருந்தாலும் வளர்ந்த பெண் ஒருத்தி துப்பட்டா பறக்க அப்படி ஆடுவதை ஜனங்கள் பார்ப்பார்கள். சிலர் குழந்தையைக் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிப்போவார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அதற்கு வாய் உண்டு. பார்வையோடு எப்படிச் சண்டை போடுவது? நான் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன்.

அவளுக்கு முப்பத்தொன்று ஆன வருடம், கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் ஒரே ஊஞ்சலில் ஏறி ஆடியதில் மேல் கொக்கி வாய் பிளந்துவிட்டது. மறுநாள் அதில் உட்கார்ந்த ஒரு சிறுமி விழுந்து முகவாயில் தையல் போட வேண்டியதாயிற்று. சங்கக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். பெரியவர்கள் ஊஞ்சல் ஆடக் கூடாது என்று பலகை வைக்கலாம் என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணுக்கு இல்ல சார். அவங்கள யாரும் எதுவும் கேக்க மாட்டோம்" என்றார்.

அந்த மனிதர் அன்போடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்கு ஒரு சலுகையா? "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான் சார். எங்க வீட்டுக்கும் சேத்துதான்" என்றேன். கை தட்டினார்கள். வாசகத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

ஆனால் வீறாப்பு மட்டும் காரணமில்லை. அந்தப் பார்வைகளில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டிருந்தது. "இனிமே ஆடாதே" என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பலகை சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பலகை நட்ட அன்று வழக்கம்போல் ஐந்து மணிக்குப் போனோம். அவள் ஊஞ்சல் பக்கம் ஓடியவள் பலகையைப் பார்த்து நின்றாள்.

"பன்னெண்டு" என்று படித்தாள். "என்ன டாடி பன்னெண்டு?"

சொன்னேன்.

விரலை மடக்கவெல்லாம் இல்லை. உடனே சொன்னாள். "நான் முப்பத்தொண்ணு."

அழுவாள், அடம் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என்னோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பூங்காவைப் பெருக்கும் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நம்ம பாப்பாவுக்கு இன்னா சார் ரூலு? எவன் வந்து கேக்கப் போறான்? நீ போய்க் குந்து கண்ணு" என்றாள். என் மகள் அசையவில்லை. அதன் பிறகு, ஆளில்லாத மத்தியான நேரத்தில் கூட்டிப்போய்ப் பார்த்தும் உட்கார மறுத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் அவளே ஊஞ்சலுக்குக் காவல் நிற்க ஆரம்பித்தாள். வருகிற பிள்ளைகளிடம் வயது கேட்பாள். ஒன்பது என்றால் "ஆடு", பதின்மூன்று என்றால் "கூடாது". பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. ஒரு நாள் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, காலி ஊஞ்சலின் சங்கிலியைப் பிடித்து மெதுவாக ஆட்டிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓபன் ஜிம்மில் பழக்கிப் பார்த்தேன். நடக்கும் கருவியில் காலைத் தவறவிட்டு முழங்காலில் அடிபட்டுக்கொண்டாள். கடைசியில் மூத்தவர்கள் பகுதியில் போய் நின்றாள். சர்க்கரையையும் மருமகள்களையும் பற்றிப் பேசுகிற கூட்டத்துக்கு நடுவில் முப்பத்தொரு வயதுப் பெண். நான் நட்ட செடி வேலி நன்றாக வளர்ந்திருந்தது.

தாங்க முடியாமல் ஒரு காலையில் ஸ்பேனரோடு போய்ப் பலகையைக் கழற்றிவிட்டேன். தலைவர் வந்து கேட்டார். "தப்பா எழுதிட்டேன் சார்" என்றேன். சாயங்காலம் மகளைக் கூட்டிப்போய், "பார், போர்டு இல்ல. நீ ஆடலாம்" என்றேன்.

"போர்டு விழுந்துடுச்சு டாடி. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்றாள்.

கூட்டத்தில் பேசியதை வீட்டில் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருந்தேனோ, அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன். அவள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள், திட்டுவதென்றால் வரிசையாகத் திட்டுவாள். அன்று திட்டவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"போர்டு வெச்ச அன்னிக்கு எனக்கும் நிம்மதியாத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

பிறகு கத்தியை எடுத்து மிச்ச பீன்ஸையும் நறுக்கினாள்.

பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுபடி மேஜையில் காகிதத்தை விரித்தேன். இந்தத் தடவை வேலி இல்லை. பெரியவர் எடையும் தாங்கும் ஊஞ்சல். சாய்மானத்தோடு அகலமான இருக்கை, இடுப்புக்கு வார், கீழே ரப்பர் விரிப்பு. ஆடும் வீச்சுக்குள் யாரும் குறுக்கே ஓடாதபடி முன்னும் பின்னும் தாராளமாக இடம். பேரப்பிள்ளைகள் ஆடுவதை உட்கார்ந்தபடியே பார்க்கத் தோதாகப் பெஞ்சுகள். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை. தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக நடந்தேன். "நல்ல ஐடியா சார், ஆனா எஸ்டிமேட்ல இல்லையே" என்றார் ஒரு இளம் பொறியாளர். எஸ்டிமேட்டில் வரும் வரை போனேன். நடுவில் ஊரடங்கு வந்து பூங்கா பூட்டிக் கிடந்தது. மொத்தத்தில் ஐந்து வருடம் ஆயிற்று.

அந்த ஐந்து வருடமும் அவளுக்கு எங்களைப் போல ஐந்தாகப் போகவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு முதுமை முன்கூட்டியே வரும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். முட்டி வீங்கியது. பார்வை மங்கியது. மாடிப்படி இறங்க என் தோளைப் பிடிக்க ஆரம்பித்தாள். பஸ் நம்பரைப் படித்துவிட்டு உடனே மறந்துபோனாள். நான் எஸ்டிமேட்டுக்கு அலைந்த நேரத்தில் அவள் என்னைவிட வயதானவளாகிக்கொண்டிருந்தாள்.

போன தை மாதம் பூங்காவைத் திறந்தார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கூட்டம் கலைந்த பிறகு மகளை ஊஞ்சலுக்குக் கூட்டிப்போனேன். எல்லா வயதினரும் ஆடலாம் என்று புதிதாக ஒரு பலகை. அவள் கண்ணைச் சுருக்கி அதில் தேடினாள்.

"நம்பர் இல்ல டாடி."

"நம்பர் இல்லன்னா யார் வேணா ஆடலாம். நீயும் ஆடலாம்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உட்கார்ந்தாள். வாரைப் பூட்டினேன். சங்கிலியைப் பிடித்த கைகளில் பழைய பிடி இருந்தது. மெல்லத் தள்ளினேன், ஒரு சாண் கூட இருக்காது. கால் தரையைவிட்டு எழும்பியதுதான் தாமதம், அவள் அலறிவிட்டாள்.

"எறக்கு டாடி, எறக்கு, எறக்கு."

ஊஞ்சலை இழுத்து நிறுத்தினேன். வார் என் கைக்கு அவிழவில்லை. அவள் என் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நடுங்கினாள். பெருக்கும் அம்மா ஓடிவந்து வாரைக் கழற்றிவிட்டாள். பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

நடுக்கம் நின்றதும் அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தன் மேல்தான் எனக்கு வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

"சாரி டாடி" என்றாள். "நாளைக்கு ஆடறேன்."

நானும் சாரி என்றேன்.

"நீ எதுக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். முட்டி வலிக்காமல் எழுந்து நிற்க அவளுக்குக் கை கொடுத்தேன்.