மக்னோலியாவில் என் விரல்கள்

டெல்லி லோதி ரோட்டில், மகன் வசிக்கும் குடியிருப்பின் பூங்காவில், தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு வெள்ளை மக்னோலியா விரிந்திருக்கிறது. நம் செண்பகத்துக்கு உறவாம். ஆனால் எலுமிச்சை வாசம். மூன்றாம் வகுப்போடு நின்று, சொந்தமாகப் பூ மண்டி வைத்தவன் நான். தொட்டே தரம் சொல்வேன். இதழை அழுத்திப் பார்க்கிறேன்.

"ஐயோ, தொட்டுட்டீங்களா!" தோட்டவேலை செய்யும் விழுப்புரத்துச் செல்வி ஓடி வருகிறாள். "கை பட்டா கறுத்துடும் சார். குடியிருப்போட செக்ரட்டரி மேடம் என்னை வேலைய விட்டே தூக்கிடுவாங்க."

"நாப்பது வருஷமா மண்டி வச்சிருக்கேன். எனக்கே பூவைப் பத்திச் சொல்றியா?"

"மண்டியில இருக்கிறது பறிச்ச பூ சார். இது உசுரோட இருக்கு."

வீட்டில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், என் விரல்கள் இதழில் பழுப்பாகப் பதிந்திருக்கின்றன. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்கிறேன். மேடம் வரும்வரை எழுவதாக இல்லை. இது என் கை என்று நானே சொல்ல வேண்டும்.