ஆடாதவர்களின் ஞாயிற்றுக்கிழமை

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு பெரிய கால்பந்து அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறவர். ஆடுகிறவர் என்று சொன்னால் எங்கள் தெருத் தையல்காரர் சிரிப்பார். ஏனென்றால் அத்தான் அந்த அணியின் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் நன்றாக இருக்கும்வரை இவருக்கு மைதானத்துக்கு வெளியே பெஞ்சுதான். தெருவில் அவர் பெயரே ‘பெஞ்சு மாப்பிள்ளை’.

வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் மேட்ச், அதிலும் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வேறா என்று தையல்காரர் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் காய்கறி வேன் ஓட்டுகிறேன். விடியற்காலை லோடு இறக்கிவிட்டால் பிறகு சும்மாதான். அத்தானின் காருக்கு ஒர்க் ஷாப்தான் சொந்த வீடு என்பதால், பாதி நாள் அவரை மைதானத்தில் கொண்டுபோய் விடுவது நான். வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன், தெரிந்துதான் பேசுகிறேன்.

சனிக்கிழமை மேட்ச் என்றால் திங்கட்கிழமை லீவு. செவ்வாயும் புதனும் உயிரை வாங்கும் நாட்கள். மைதானத்தில் இரண்டு மணி நேரம், அப்புறம் ஜிம், அப்புறம் எதிரணி ஆடிய வீடியோ. வியாழக்கிழமை கொஞ்சம் குறையும். வெள்ளிக்கிழமை உடம்பு நோகாமல் ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஆபீஸ் குமாஸ்தா உட்காரும் நேரத்தில் பாதிகூட வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் குமாஸ்தா நாள் முழுக்கத் தரையில் பாய்ந்து விழுந்து எழுகிறார்? மீதி நேரம் சோபாவில் காலை நீட்டிக் கிடப்பதும் அத்தானுக்கு வேலைதான். கல்யாணமான புதிதில் அக்காவே இதை நம்பவில்லை. கடைக்குப் போகச் சொன்னால் ரெஸ்டில் இருக்கிறேன் என்கிற புருஷனை யார் நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமைதான் விஷயமே. அன்று அணி இரண்டாகப் பிரியும். முந்தின நாள் ஆடியவர்கள் உள்ளே போய் நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிளை மெல்ல மிதித்துவிட்டு, காலை நீவிவிடச் சொல்லிவிட்டு, மதியத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆடாதவர்களுக்கு வெளியே வெயிலில் ஓட்டம். ஆடாத மேட்ச்சை உடம்பு ஈடுகட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் திடீரென்று மைதானத்தில் இறக்கிவிடும்போது மூச்சு வாங்குமாம். ஓட்டம் முடிந்த பிறகும் கோல் அடித்துப் பழகுகிறவர்களுக்கு எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். அதுவும் அத்தான்தான். ஏழு வருஷமாக அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளியேதான். அவர் வீடு வந்து சேர மூன்று மணியாகும்.

அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறவர் இல்லை. நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார், தன் பெஞ்சைப் பற்றித் தானே ஜோக்கடிப்பார். இந்த சீசனோடு போதும் என்று அணியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் வேனில் வரும்போது ஒன்று சொன்னார்.

“கப்பு கிப்பு எதுவும் வேணாம்டா. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை உள்ள போய் அந்த சைக்கிளை மிதிக்கணும். அவ்ளோதான்.”

சிரிக்கலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். சிரிப்பு வரவில்லை.

சீசனில் இன்னும் மூன்று மேட்ச் இருந்தபோது, நோகாத அந்த வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே முதல் கோல்கீப்பருக்கு விரல் பிசகிவிட்டது. சனிக்கிழமை அத்தான் இறங்கினார். அக்காவால் டிவி முன்னால் உட்கார முடியவில்லை. பக்கத்து அறையில் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நான் இங்கிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு பந்து அவர் முழங்காலில் பட்டு உள்ளே போயிற்று. மேட்ச் பார்க்க வந்திருந்த தையல்காரர் வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிறகு மூலைக்குப் போன ஒரு பந்தை அத்தான் விரல்நுனியால் தள்ளிவிட்டார். ஒன்றுக்கு ஒன்று, டிரா. யாரும் அவரைத் தோளில் தூக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் கொண்டுபோய் விட்டேன். மனிதர் நேரே கோல் கம்பத்துக்குப் போய், கையுறையை மாட்டிக்கொண்டு, ஓடப் போகிறவர்களோடு நின்று காலை மடக்கி நீட்ட ஆரம்பித்துவிட்டார். பந்து மூட்டையோடு வந்த கோச் அவரைப் பார்த்து நின்றார்.

“நீங்க இங்க என்ன பண்றீங்க? நேத்து ஆடுனவங்க உள்ளதானே இருக்கணும்.”

யாரைச் சொல்கிறார் என்பதுபோல அத்தான் பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசி சைக்கிளில் உட்கார்ந்து, வேலையே இல்லாதவர் மாதிரி மெல்ல மிதித்தார். மற்றவர்கள் ஏதோ கிண்டல் செய்ய, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மதியத்துக்கு முன்பே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அக்கா விளக்குமாறும் கையுமாகக் கதவைத் திறந்தாள்.

“என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க? உடம்பு சரியில்லையா?”

“நேத்து ஆடுனவங்களை சீக்கிரம் விட்டுடுவாங்க” என்றார் அத்தான்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்தாள்.

“ஐயோ, நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையேங்க” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.