என் வீட்டுக்காரர் வாய் திறக்காத நாட்கள்

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கடலாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தவே மாட்டார். உழும்போது மாட்டோடு பேசுவார், மாடு இல்லாவிட்டால் வரப்போடு. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை.

முந்தின நாள்தான் எங்களுக்குள் சண்டை. தொண்டிப் பக்கம் இருக்கிற என் ஊருக்கு ஒரு வாரம் போய்வருகிறேன் என்று கேட்டேன், முடியாது என்றுவிட்டார். அந்தக் கோபம்தான் என்று நினைத்தேன். பல்லைக் கடித்தபடியே, "இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது.

அன்று முழுக்க அவர் பட்டினி. "ஆம்பளை சாப்பிடாமக் கெடக்கான், போயி மன்னிப்புக் கேளு" என்றார் மாமியார். கேட்டேன். அவர் என்னைப் பார்த்து இளித்தார். மறுநாளும் அதே இளிப்பு. விஷயம் போய், என் அய்யா பஸ் ஏறி வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ளை, எம்மக என்ன தப்புப் பண்ணுனான்னு சொல்லுங்க."

இளிப்பு.

"நான் பேசிக்கிட்டிருக்கேன், நீங்க பல்லைக் காட்டுறீக."

அய்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான்தான் கவனித்தேன், இளிக்கிற அந்த முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பயந்துபோய் வண்டி கட்டி கடலாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கிருந்த நர்ஸம்மா அவர் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தார். "தாடை பூட்டிக்கிட்டிருக்கு. கால்ல முள்ளு, ஆணி ஏதும் குத்துச்சா?"

பத்து நாளைக்கு முன்னால் வேலிக்கருவை வெட்டும்போது முள் ஏறியிருந்தது. பாதி குதிகாலுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது. மாமியார் சாணியை வைத்துக் கட்டிவிட்டிருந்தார்.

"முள்ளு கால்ல, பூட்டு வாயிலயா?" என்றார் அய்யா.

அங்கிருந்து அனுப்பிவைத்த ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் விளக்கினார். இந்தச் சீக்கின் கிருமி மண்ணிலும் சாணியிலும் இருக்கும். காற்றுப் புகாத ஆழமான புண்ணில் வளர்ந்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் நரம்பைப் பிடித்துத் தசையை இறுக்கும், பெரும்பாலும் தாடையில்தான் தொடங்கும்; அந்த இளிப்பும் முகத்துத் தசை இழுத்ததுதான். புண்ணைக் கீறி முள்ளை எடுத்தார்கள். விஷத்தை முறிக்க ஒரு ஊசி, கிருமிக்கு ஒன்று, உடம்பு தளர ஒன்று. மூக்கில் குழாய் வைத்து அதன்வழியாகப் பாலும் கஞ்சியும் கொடுத்தார்கள். பிறகு ஜன்னலை அடைத்து அறையை இருட்டாக்கினார்கள்.

"சத்தம் கூடாது. வெளிச்சம் கூடாது. தொடக் கூடாது. எது பட்டாலும் உடம்பு இழுத்துக்கும்" என்றார் டாக்டர். நான் முழுதாக நம்பவில்லை. அன்று மதியம் வராந்தாவில் யாரோ வாளியைக் கீழே போட்டார்கள். அவர் உடம்பு வில்லாக வளைந்து நின்றது. அதன்பிறகு நான் கதவை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் ஊரே வேன் பிடித்து வந்தது. மாமியார் படியேறும்போதே, "எம்மவனே" என்று ராகம் எடுத்தார். ஓடிப்போய் அவர் வாயை என் கையால் பொத்தினேன். கையை எடுத்ததும், "எட்டு மாசத்துல எம்புட்டுத் தைரியம்" என்றார், ஆனால் கிசுகிசுப்பாக.

ஒரு மாதம் அப்படியே போனது. தாடை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்ததாக, "உன் ஊருக்குப் போயிட்டு வா" என்றார். போகவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் தடுப்பூசி போடச் சொன்னார். இவருக்கு அது பிடிக்கவில்லை. "அதான் சீக்கு வந்துட்டுப் போயிருச்சே. அம்மை வந்தா திரும்ப வராதுல்ல?"

"அம்மை வேற. இது வந்துட்டுப் போனாலும் உடம்பு எதிர்ப்பைக் கத்துக்காது. நாளைக்கு இன்னொரு முள்ளு ஏறுனா மறுபடி வரும். இன்னும் ரெண்டு தடவை வந்து போட்டுக்கணும்" என்றார் டாக்டர். பிறகு அய்யா பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க எப்பயாவது போட்டிருக்கீங்களா?"

அய்யா எழுந்து, அவசரமே இல்லாததுபோல் செருப்பைத் தேடினார். வாசல்வரை போனவரை நர்ஸம்மா கையைப் பிடித்து அழைத்துவந்தார்; என்னையும் விடவில்லை. அன்றைக்கு மூன்று பேரும் தோளைத் தடவிக்கொண்டே பஸ் ஏறினோம்.