மழை மாதங்களுக்கு ஒரு மறுசோதனை

ஒன்றை எத்தனை முறை சோதித்துப் பார்த்தால் போதும்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று, இப்போதுதான் தொட்ட நெற்றியை மறுபடியும் தொட்டுப் பார்க்கிறவள் நான். தஞ்சாவூரை ஒட்டிய எங்கள் சிறிய பட்டறையில், ரயில்வே சிக்னல் கருவிகளைச் சோதிக்க எவ்வளவு மின்செலவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிடும் வேலையை என்னை நம்பிக் கொடுத்தவர் இன்சார்ஜ் அக்கா.

சிக்னலைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றிவிடும் ரிலே என்ற சிறு பெட்டிகள் எங்களிடம் சோதனைக்கு வரும். இரும்பு அலமாரி போன்ற ஒரு சூட்டுப் பெட்டிக்குள் அவற்றை வைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் இடைவிடாமல் இயக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய்ச் சூடு இறங்கிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்செலவில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குத்தான்.

பிரசவம் முடிந்து திரும்பியதும் நான் போட்ட முதல் எஸ்டிமேட்டில், எல்லாச் சோதனைக்கும் ஒரு மறுசோதனை சேர்த்திருந்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு நாமளே ஒரு ரயில் விட்டுரலாம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா தாளை வாங்கி, "பயத்துக்கெல்லாம் யூனிட் போட்டா எந்த மீட்டர்மா தாங்கும்?" என்று சிரித்தபடியே ஒவ்வொன்றாக அடித்தார். ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் சூட்டுச் சோதனைக்கான மறுசோதனையை மட்டும் விட்டுவைத்தார். மழையில் கரண்ட் போகும் மாதங்கள் என்பதால், அது அவரே வருடந்தோறும் சேர்ப்பது.

"இந்த வருசம் மழை கம்மிங்கிறாங்களே" என்று முதலாளி சீண்டுவார். "பெய்யாட்டி நமக்கு மிச்சம் சார். நடவு போட்டவங்கதான் பாவம்" என்பார் அக்கா.

அக்கா காலைப் பூசை முடித்து, தலையில் ஈரம் காயாமல் வேலைக்கு வருவார். வீட்டுக்குப் போன் செய்ய நான் தயங்கி நின்றால், "போம்மா, தொட்டில் ரிப்போர்ட் வாங்கிட்டு வா. ரிலேய நான் பாத்துக்கிறேன், அது அழாது" என்பார். அந்தக் கேலியில்தான் நான் அந்த வருடத்தைக் கடந்தேன்.

ஒரு கார்த்திகை மாதம், சோதனை முடியும் தறுவாயில் காற்றும் மழையுமாகக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. அது கிளம்புவதற்குள் பெட்டி ஆறிவிட்டது. "கொஞ்ச நேரந்தான பாக்கி? முடிஞ்சதா சேத்துக்கங்க" என்றார் முதலாளி. அவரும் கெட்டவரில்லை, சரக்கு மறுநாள் போயாக வேண்டும். அக்கா பெட்டியின் கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்து, டீ ஆறிப்போனதைச் சொல்வதுபோல், "ஆறிப்போச்சு சார். மொதல்லேருந்து போட்டுருவோம். கணக்குலதான் இருக்கே" என்றார். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். சண்டையே வரவில்லை. அக்கா எஸ்டிமேட்டில் சேர்த்தது கரண்டை மட்டுமல்ல என்று அன்று புரிந்தது. அந்த ஒரு வரி இருந்ததால், அந்த மாலையில் யாரும் துணிச்சல்காரராக இருக்க வேண்டியிருக்கவில்லை.

மாமியார் படுக்கையில் விழுந்ததால் அக்கா வேலையை விட்டு ஒரத்தநாட்டுக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான். இந்த மழைக்காலத்துக்கு ஒரு பெரிய ஆர்டர் வர இருக்கிறது. விலையைக் குறைத்தால்தான் தருவார்களாம். "ஜெனரேட்டர் புதுசும்மா. அந்த மறுசோதனைய எடுத்துருங்க" என்கிறார் முதலாளி. ஆர்டர் கைவிட்டுப் போனால் சோதனை மேசையில் இருக்கும் பெண்களுக்கு வேலை இருக்காது. அவர்களும் பிள்ளைக்காரிகள்தான்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "நான் சொன்னா அது என் கணக்கா ஆயிடும்மா. நீ போடு" என்றவர், பிள்ளை பேசத் தொடங்கிவிட்டதா என்று விசாரித்தார்.

என் கணவர் தினமும் கும்பகோணத்துக்கு ரயிலில்தான் போய்வருகிறார். அந்த வரியை எடுத்துவிட்ட பிறகு கரண்ட் போனால், 'முதலிலிருந்து தொடங்குவோம்' என்று என்னால் சொல்ல முடியுமா? என்னை எனக்குத் தெரியும், அதுதான் பயம். உங்கள் வீட்டில் ரயிலில் போகிறவர்கள் இருப்பார்கள். சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்களும் இருப்பார்கள். இரு தரப்பையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்: அந்த வரியை வைக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?