புகையில் தொங்கிய சட்டை

பாச்சலூரை விட்டு கே.சி.பட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. காப்பித் தோட்டத்து நிழல் பாதிச் சாலையில் கிடந்தது. காலில் புதுச் செருப்பு. குதிகாலில் ஒரு வெடிப்புகூட இல்லை. நகம் வெட்டி, முகம் மழித்து, நாற்பத்தொன்பது வயதில் முதன்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தேன். அந்த நேரத்தில் நான் இருந்திருக்க வேண்டிய இடம் பின்னால் இருந்தது. என் மகளுக்கு அங்கே நிச்சயம் நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பன் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டும். அப்பன் சாலையில் போய்க்கொண்டிருந்தான்.

பத்தடிக்கு ஒருமுறை சட்டைக் கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நானாகத்தான் எழுந்து வந்தேன். இதுவரை விட்டு வந்த எல்லா இடத்திலிருந்தும் அப்படித்தான் வந்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், போர்வெல் போடும் வண்டி, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, மறுபடியும் லாரி. நடுவில் கல்யாணமாகிப் பாச்சலூரில் ஆறு வருஷம் இருந்தேன். மகளுக்கு ஐந்து வயதாகும்போது வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன லாரியோடு போனேன். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகும் ஆளானேன். அதுவும் எல்லா வருஷமும் இல்லை. மனைவி தோட்டக் கூலிக்குப் போய், தன் தம்பியின் துணையோடு மகளை வளர்த்தாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இருந்ததில்லை. சண்டை போட ஆள் அங்கே இருந்தால்தானே.

கடைசி மூன்று வருஷம் கொடைக்கானல் மேல்மலையில், பூண்டியில் இருந்தேன். பூண்டு, கேரட் போடும் ஒருவரின் தோட்டத்தில் வேலை, அவருடைய கொட்டகையிலேயே படுக்கை. கொட்டகையின் நடுவில் விறகு எரியும். மேலே மூங்கில் கட்டி, விற்காமல் வைத்திருக்கும் பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். புகை பட்டால்தான் அந்த ஈரத்தில் பூண்டு கெடாது. அதன் அடியில் கம்பளியை விரித்துப் படுத்துக்கொள்வேன். கதகதப்பான இடம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கார்த்திகை கடைசியில் மகள் போன் செய்தாள்.

“அப்பா, மாசியில எனக்கு நிச்சயம். தட்டு நீங்கதான் மாத்தணும். மாமாவ மாத்தச் சொல்ல மாட்டேன்.”

“சரிம்மா.”

“வெறும் சரி இல்லப்பா. கொஞ்சம் பாக்குற மாதிரி வாங்க. கையெல்லாம் இப்ப எப்படி இருக்கு?”

கையைப் பார்த்தேன். காய்ந்த வயல் மாதிரி வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் மண் போய்க் கறுத்திருந்தது. அவள் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது கன்னத்தைத் தொட்டால், “அப்பா கை முள்ளு” என்று தள்ளிவிடுவாள். குழந்தை சொல்லும் சொல். நான் சிரித்திருக்க வேண்டும். வெடிப்புக்கு ஒரு களிம்பு வாங்கித் தடவியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவளைத் தூக்குவதை விட்டேன். அவள் கேட்டும் தூக்கவில்லை. ஒரு டப்பா களிம்போடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலுக்கு இறங்கிப் போனேன். கடையில் நின்று களிம்பு, முகத்துக்குப் போடும் சோப்பு, பிரஷ், பேஸ்ட், நகவெட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதுவரை முகத்துக்கும் துணிக்கும் எனக்கு ஒரே சோப்புதான். கடைக்காரப் பையன் கையில் ஒரு கிரீமை எடுத்துக்கொண்டு, “அக்காவுக்காண்ணே?” என்றான்.

“ஆமா,” என்றேன். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

“அப்ப இது பெஸ்ட்டுண்ணே. ரோஸ் ஸ்மெல்.”

அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பேன். முன்பெல்லாம் வாய் கொப்பளிப்பதோடு சரி. வேலை முடிந்ததும் அடுப்பில் வெந்நீர் வைத்து, கல் உப்பு போட்டு, காலை அதில் விட்டுக்கொண்டு உட்காருவேன். ஊறியபின் சொரசொரப்பான கல்லால் குதிகாலைத் தேய்ப்பேன். முதல் வாரம் ரத்தம் வந்தது. பிறகு செத்த தோல் வந்தது. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் கல்லாகிவிடும். அதனால் பாட்டிலைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்குவேன். கைக்குக் களிம்பு. உதட்டுக்கும் அதே களிம்பு. ரோஸ் கிரீமை இரண்டு நாள் முகத்தில் போட்டுப் பார்த்தேன். எரிந்தது, விட்டுவிட்டேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை குளியல். ஞாயிற்றுக்கிழமை சவரம்.

தூணில் ஆணி அடித்து ஒரு கண்ணாடி மாட்டியிருந்தேன். காதுக்குள் முடி இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அதில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக இப்படித் திரிந்தேனோ.

எங்களோடு பூண்டின் காய்ந்த தாளை அறுக்கும் பெண் ஒருத்தி, என்னை விட இரண்டு மூன்று வயது இளையவள், ஒருநாள் பார்த்துவிட்டாள்.

“ஏண்ணே, கண்ணாடியில என்ன, படமா ஓடுது? அப்படிப் பாக்குறீங்க!”

“சோலியப் பாரு.”

“என் சோலி கெடக்கட்டும். பொண்ணு பாக்கப் போறீங்களா, சொல்லுங்க. நானும் வாரேன்.”

“மக நிச்சயத்துக்குத் தட்டு மாத்தணும். அதான்.”

அவள் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. மறுநாள் அரை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்து, “நகத்துக்குள்ள தேயிங்கண்ணே, கறை போகும்” என்றாள். நான் எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து, “இதப் பொட்டியில வைக்காதீங்க. பூசணம் புடிச்சிரும். மேல கட்டித் தொங்க விடுங்க” என்றாள்.

அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. பூண்டியில் நல்ல துணியை எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். வேறெங்கு வைத்தாலும் ஈரம் ஏறிக் கரும்புள்ளி விழும். மேலே தொங்கினால் எலிக்கும் எட்டாது. நானும் சட்டையையும் வேட்டியையும் மூங்கிலில், பூண்டுக் கொத்துகளுக்கு நடுவில், இரண்டரை மாதம் தொங்கவிட்டேன். காதிலிருந்து குதிகால் வரை ஒவ்வொன்றாகச் சரி செய்தவன், கண்ணாடியில் தெரிவதை மட்டும்தான் சரி செய்திருக்கிறேன்.

நிச்சயத்தன்று வெள்ளனே எழுந்து முதல் பஸ் பிடித்தேன். முந்தின நாள் சாயங்காலமே தலைக்குக் குளித்து, வழக்கம்போலப் புகைக்கடியில் படுத்திருந்தேன். கொடைக்கானலில் மாறி ஏறிய பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து பின் சீட்டுக்குப் போனார். வெள்ளை வேட்டி சட்டைக்கு மரியாதை கொடுத்து வசதியாக உட்கார விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டு வாசலில் மகள் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையைத் தடவினாள். “யாரோட கைப்பா இது?” என்று சிரித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இத்தனை பாடும். அது கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். என்னை நெருங்கியவள் ஒரு கணம் நின்றாள். பிறகு மெதுவாக, “பின்னாடி வெந்நி போட்டு வச்சிருக்கேன். வெரசாக் குளிச்சிட்டு வந்துருங்க. கொடியில தம்பி சட்டை கெடக்கு, அத உடுத்திக்கங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டரை மாதம் பாடுபட்டு வந்திருக்கிறேன், இவளுக்கு நான் இன்னும் அழுக்கு ஆள்தான் என்று தோன்றியது.

“குளிச்சிட்டுத்தான் வந்தேன்.”

“அதில்லங்க. ஒரு சொம்பாவது...”

“எஞ்சட்டைக்கு என்ன?”

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வண்டி வந்து நின்றுவிட்டது.

ஜமுக்காளத்தில் அவர்கள் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை. நடுவில் தட்டுகள். பழம், பூ, பட்டு. எனக்கு எதிரில் மாப்பிள்ளையின் அப்பா. நான் மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று. அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர், கலகலப்பான மனுஷன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் மைத்துனனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

“என்ன மாப்ள, பந்தியில பூண்டுக் கொழம்பா? இங்கயே ஆளத் தூக்குது! கூடவே வெறகும் கருகுது போல!”

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அம்மா, “ஏலே, தட்டு மாத்துறதுக்குள்ள ஒனக்குப் பந்தி கேக்குதா?” என்று அவரை அதட்டினாள். மறுபடியும் சிரிப்பு. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மைத்துனன் மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டான். அதில்தான் எனக்கு விளங்கியது. பஸ்ஸில் எழுந்துபோன பெரியவர், வெந்நீர், கொடியில் கிடந்த சட்டை, எல்லாம் சேர்ந்து விளங்கியது.

தோளை உயர்த்துவது போல மூக்கைச் சட்டையில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியாத ஒன்று என் மேல் இருக்கிறது என்பது பெரிய அவமானமாகப் பட்டது. “ஒரு நிமிஷம், வந்துர்றேன்” என்று எழுந்து பின்பக்கம் போனேன்.

அங்கே அடுப்பில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. சொம்பு இருந்தது. சோப்பு இருந்தது. கொடியில் சட்டை மடித்துப் போட்டிருந்தது. துண்டும் இருந்தது. ஐந்து நிமிஷம் போதும். நான் அந்தப் பானையைப் பார்த்தேன், தாண்டினேன், வேலியின் இடைவெளி வழியாகச் சாலைக்கு வந்துவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அந்தப் பானைதான் கண்ணில் நிற்கிறது. பூண்டு நாற்றம் என்னோடு வந்தது உண்மைதான். அதைக் கழுவ நீரும் அங்கேயே இருந்தது.

கே.சி.பட்டிக்குச் சற்று முன்னால் சிக்னல் வந்து, மகள் ஏழு முறை அழைத்திருந்தது தெரிந்தது. எட்டாவதாக அழைத்தபோது எடுத்தேன்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“சாலையில வந்துட்டேன்மா. சட்டையில புகை நாத்தம். எல்லாரும்...”

“மாமா தட்டு மாத்திட்டாரு.”

நான் சாலையோரம் நின்றுவிட்டேன்.

“அரை மணி நேரம் காத்திருந்தாங்க. வாசம் வந்துச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல மறந்துருவாங்கப்பா. பொண்ணோட அப்பா எந்திரிச்சுப் போனத யாரு மறப்பாங்க? அவங்க அப்பா எங்கிட்டயே கேட்டாரு, ‘ஒங்கப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலையாம்மா’ன்னு.”

“நான் வேணும்னா இப்பத் திரும்பி...”

“வேணாம்ப்பா. சாப்பிட்டுக் கெளம்பிட்டாங்க.” மூக்கை உறிஞ்சினாள். “வைகாசியில கல்யாணம். அதுக்கு வாங்கன்னு சொல்ல மாட்டேன். வருவீங்க, எனக்குத் தெரியும். இருங்க. முடியுற வரைக்கும் இருங்க. அது முடியும்னா வாங்க.”

அவளுக்கு என் கை பிடித்திருந்தது என்று சொல்வாள் என்று ஒரு நப்பாசையில் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். வைத்துவிட்டாள்.

காய்கறி வண்டி ஒன்றில் தொற்றி, பிறகு பஸ் மாறி, பொழுது சாயும் நேரத்துக்குக் கொடைக்கானல் வந்தேன். பூண்டிக்குப் போகும் பஸ் நின்றது. கண்டக்டருக்கு என்னைத் தெரியும். “ஏறலையாண்ணே?” என்றார். இல்லை என்றேன். அந்தக் கொட்டகையில் மறுபடி படுத்தால் வைகாசியிலும் இதே ஆளாகத்தான் போய் நிற்பேன். தெரிந்த டீக்கடைக்காரர் கடையின் பின்கட்டில் படுக்க இடம் கொடுத்தார். பக்கத்துக் கடையில் புதுப் பிரஷும் பேஸ்டும் களிம்பும் வாங்கி வந்து, படுக்கும் முன் பல் தேய்த்தேன். கைக்குக் களிம்பு போட்டேன். யாருக்காக என்று தெரியவில்லை. பழகிவிட்டது.

காலையில் டீக்கடைக்காரர் சொல்லி, பக்கத்தில் ஒரு லாட்ஜில் துணி துவைக்க ஆள் வேண்டும் என்று தெரிந்து போனேன். பின்னால் தகரக் கூரைக்கடியில் பெட்ஷீட்டுகள் குவிந்து கிடந்தன. சூப்பர்வைசர் ஸ்வெட்டர் போட்ட இளைஞர்.

“எக்ஸ்பீரியன்ஸ் இருக்காண்ணே?”

“இல்லங்க. கத்துக்கிடுவேன்.”

அவர் அருகில் வந்து முகத்தைச் சுளித்துச் சிரித்தார். “மேல பூண்டி சைடா?”

“தெரியுதுங்களா?”

“தெரியாமயா! விடுங்க, நாலு நாள் இந்தச் சோப்புத் தண்ணியில நின்னா போயிரும். கைதான் கொஞ்சம் அடி வாங்கும். ஓகேவா?”

நாலே நாள். பூண்டியிலிருந்து நாலு நாள் முன்னால் இறங்கியிருக்கலாம்.

“ஒண்ணு கேக்கணுங்க,” என்றேன். “வைகாசியில எனக்கு நாலு நாள் லீவு வேணும்.”

“வைகாசின்னா மே மாசமா? பீக் சீசன்ணே! சேரவே இல்ல, அதுக்குள்ள லீவா?”

“மக கல்யாணங்க. முடிஞ்சதும் திரும்பி வந்துருவேன்.”

இத்தனை வருஷத்தில் எந்த முதலாளியிடமும் நான் லீவு கேட்டதில்லை. போக வேண்டும் என்றால் போய்விடுவேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“மேனேஜர்ட்ட கேக்குறேன். பிராமிஸ் பண்ண மாட்டேன்.” குவியலைக் கை காட்டினார். “மொதல்ல இத ஊற வைங்க.”

களிம்பு டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். வெள்ளைச் சட்டையைக் கழற்றி, பெட்ஷீட்டுகளோடு அதையும் தொட்டியில் போட்டேன்.