சொட்டாத வால்வு

எங்கள் லிங்கராஜபுரம் வீட்டுக் கூடத்தில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி ஒன்று இருந்தது. யார் வந்து பார்த்தாலும் என் கணவர் முந்திக்கொண்டு, "நாங்க கட்டினது" என்பார். அந்த 'நாங்க'வில் அவர் பங்கு என்ன என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குழாய் அறுத்தது நான், பசை ஒட்டியது நான், கசிந்ததைத் துடைத்ததும் நான்தான். அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, "டப்பாவுல கடல் வளக்கறா" என்று போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைகளில் கிடைத்த வடிகட்டி எதுவும் தொட்டிக்குக் கீழே இருந்த கதவு வைத்த மேசைக்குள் அடங்கவில்லை. அதனால் பழைய பிளாஸ்டிக் அரிசி டப்பாவில் நானே ஒன்று செய்தேன். தொட்டியிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீர் பஞ்சில் அழுக்கை விட்டுவிட்டு, உடைத்த பவளக்கல்லுக்குள் ஊறி வரும். சின்ன மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் வால்வு. தண்ணீர் படும் இடத்தில் உலோகமே கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தேன். உப்புத்தண்ணீர் பித்தளையை அரித்தால் செம்பு கரையும். மீன் ஓரளவு தாங்கும், இறாலும் நத்தையும் தாங்காது.

இதைச் சொன்னபோது அவர் காபியைக் கீழே வைத்தார். "எனக்கே பித்தாளை பாடம் எடுக்கறியா நீ?"

பீன்யாவில் பித்தளை வால்வு செய்யும் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர்.

என் தொட்டியில் இறால், நத்தைகளோடு ஒரு கடல் சாமந்தியும் இருந்தது. பெயர்தான் பூ, உண்மையில் பிராணி. கோமாளி மீன் இரண்டும் அதன் விரல்களுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். வீட்டில் செய்த வடிகட்டியை நம்பி இதை வாங்காதீர்கள் என்று கடைக்காரர் தடுத்தார். வீம்புக்கு வாங்கினேன். அது என்னிடம் செழித்து, ஒன்று இரண்டாகப் பிரிந்தது. பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன், அன்றைக்கு வந்த பெருமை அங்கே ஒருநாளும் வந்ததில்லை.

பிளாஸ்டிக் வால்வு மட்டும் லேசாகச் சொட்டும். கீழே ஒரு கிண்ணம் வைத்திருந்தேன். வால்வு செய்கிறவன் வீட்டில் வால்வு சொட்டுவதா என்று அவருக்கு மானப் பிரச்சினை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மல்லேஸ்வரம் போய் ஒரு வாரம் இருந்தேன். தினமும் போனில் தொட்டியைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் சூப்பரா இருக்கு. ஸ்வல்ப வாசனை வருது, அவ்ளோதான்" என்றார்.

திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றக்கூட விடாமல் மேசைக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். என் வால்வு இருந்த இடத்தில் பாலிஷ் போட்ட பித்தளை வால்வு மினுங்கியது.

"பாரு, ஒரு சொட்டு இல்ல."

நான் மேலே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறால் ஒன்றுகூட இல்லை. நத்தைகள் மல்லாந்து கிடந்தன. சாமந்திகள் இரண்டும் கரைந்து, கல்லில் சளி மாதிரி ஒட்டியிருந்தன. ஒண்ட இடமில்லாமல் மீன்கள் மூலையில் நின்றன.

"உலோகம் கூடாதுன்னு உங்க கிட்ட சொன்னேனா இல்லையாங்க?"

"மீன் ரெண்டும் ஜம்முனு இருக்கே. என் வால்வுல என்னா தப்பு?"

நான் ரம்பத்தை எடுத்துவந்து குழாயோடு சேர்த்து அறுத்தேன். நல்ல வால்வு வீணாகிறதே என்று பக்கத்தில் நின்று புலம்பினார். சாமந்திகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

மீன்களைக் கடைக்கே கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து சாப்பிட வந்த அவருடைய அக்கா, காலித் தொட்டியைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

"இவ கட்டினது. நிக்கல" என்றார் என் கணவர்.

பித்தளை வால்வைப் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும் குழாயில் அவரே பொருத்திவிட்டார். தினமும் காலையில் அதைத் திறந்து அவர் குடித்த காபி டம்ளரைக் கழுவுகிறேன். ஒரு சொட்டுக்கூடச் சொட்டுவதில்லை.