இரண்டாம் பக்கம், ஆறாவது வரி

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோப்பு அக்கா, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷமாக வந்துபோன ஒவ்வொரு உத்தரவும் எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்தக் கட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எதிர் மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்து அவரிடம் திட்டு வாங்கியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். அவர் தயாரித்த தாள் ஒன்றுகூடத் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தது கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை, என் தாள்கள் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும்.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். "புதுசா எதையும் எழுதாதே தம்பி. முன்னாடி யாராவது எழுதி வச்சிருப்பாங்க. அதை எடு, தேதியை மாத்து." நான் சேர்ந்த முதல் நாள் சொன்னது இது. உண்மையைச் சொன்னால் எங்கள் அலுவலகம் மொத்தமும் அப்படித்தான் ஓடியது.

வீட்டில் அவரும் அவருடைய தங்கையும் மட்டும். எட்டாவது மாடி. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தங்கைக்கு ஆகி முடிந்தும் விட்டது. தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதால் வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். காலெல்லாம் வீங்கி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். சக்கர நாற்காலிதான். ஆனால் வாய்க்கு மட்டும் எந்த வியாதியும் இல்லை. "எங்க அக்கா என்னைக்கூட ஒரு கட்டுல வச்சுக் கட்டி, மேல நம்பர் போட்டுடுவா" என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஊரடங்கு அறிவித்த அன்று மதியம் இரண்டு மணிக்கு அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். எது திறந்திருக்கலாம், யார் வெளியே வரலாம், எது கூடாது என்ற பட்டியல் ஐந்து மணிக்குள் வேண்டும் என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு கோப்புக் கட்டை இறக்கித் தூசி தட்டினார். ஒன்பது வருஷத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது போட்ட பட்டியல் அது. முதல் பக்கம் அனுமதிக்கப்பட்டவை, இரண்டாம் பக்கம் தடை செய்யப்பட்டவை. "வெள்ளம்னு இருக்கிற இடத்துல தொற்றுன்னு போட்டா முக்கால்வாசி முடிஞ்சது" என்றார். அதிகாரிக்கு உயிர் வந்தது.

முதல் பக்கத்துக்குத்தான் அன்றைக்கு அத்தனை அமளியும். முடிதிருத்தும் கடை அவசியமா என்று அரை மணி நேரம் பேசினோம். "ஒரு மாசம் முடி வளர்ந்தா யாரும் செத்துப்போயிட மாட்டாங்க" என்று அதிகாரி பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அவர் தலையில் வளர ஒன்றும் இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நான் மல்லுக்கு நின்றேன். "கண்ணாடி உடைஞ்சவன் நம்ம பட்டியலை எப்படிங்க படிப்பான்" என்றதும் சேர்த்துக்கொண்டார்கள். டீக்கடை வேண்டாம் என்று முடிவெடுத்தபோது எங்கள் வாசல் டீக்கடைக்காரரே தட்டோடு உள்ளே வந்தார். அவர் டீயைக் குடித்துக்கொண்டே அவரை அடித்தோம். பதினேழாவது வரி, இறுதிச் சடங்கு, இறந்தவரைத் தூக்கவும் அடக்கத்துக்குப் போகவும் தடையில்லை. அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது மணி நாலே முக்கால். "அது ஏற்கெனவே சோதிச்ச பக்கம். கை வைக்க வேண்டாம்" என்றார் அக்கா. அதில் ஆறாவது வரி அவரே எழுதியது. லிஃப்ட் பழுதுபார்க்கும் பணிகள் கூடாது. வெள்ளத்தின்போது ஒரு மெக்கானிக் லிஃப்ட் குழியில் இறங்கி, தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து செத்துப்போனார். அன்று சாயங்காலமே அக்கா இந்த வரியைச் சேர்த்தார். அதைப் பாராட்டி மேலிடத்திலிருந்து வந்த கடிதம் இன்றும் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷத்தில் எந்தப் பழைய தாளையும் பார்க்காமல் அவர் சொந்தமாக எழுதிய ஒரே வரி அதுதான். அதிகாரி கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து எனக்குத் தொலைபேசி வேலை. யார் எதைக் கேட்டாலும் பட்டியலில் விரலை ஓட்டி உண்டு, இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டாம் நாள் ஒரு பெரியவர் பேசினார்.

"ஐயா, ஏழாவது மாடிங்க. லிஃப்ட் நின்னுபோச்சு. என் சம்சாரத்துக்கு நெஞ்சு சரியில்லை, படி இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மெக்கானிக் வர்றேங்கறார், வழியில விட மாட்டேங்கறாங்களாம்."

விரலை ஓட்டினேன். "அது தடைப் பட்டியல்ல இருக்குங்க. ரெண்டாம் பக்கம், ஆறாவது வரி. ஆம்புலன்சுக்குச் சொல்லிப் பாருங்க."

"சொன்னேங்க. அந்தக் கவச உடுப்பைப் போட்டுக்கிட்டு ஏழு மாடி தூக்க முடியாதுங்கறாங்க."

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லீங்க."

"சரிங்கய்யா. உத்தரவுன்னா உத்தரவுதானே. ரொம்ப நன்றிங்க."

வைத்தேன். அக்கா தலையை நிமிர்த்தி, "நல்லா பதில் சொன்னே தம்பி. குரலை உயர்த்தாம, வரி எண்ணோட" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் காலை ஒன்பதரைக்கு அக்காவின் கைபேசி அடித்தது. தங்கை. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் நின்னுடுச்சுக்கா. வாட்ச்மேன் மெக்கானிக்குக்குச் சொல்லிட்டார். பன்னெண்டு மணிக்கு எனக்கு மெஷின். முந்தாநாளே உடம்புத் தண்ணி சரியா இறங்கலை, ராத்திரியெல்லாம் உக்காந்தேதான் இருந்தேன். இன்னிக்கு விட்டா தாங்காதுன்னு நினைக்கிறேன்."

அந்தக் குரலில் கேலி இல்லை. அக்கா உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "எங்கப்பா இருக்கே?"

"தடுப்புக்கிட்ட நிக்கிறேன்மா. போலீஸ்காரர் விட மாட்டேங்கறார்."

"எட்டாவது மாடியில நோயாளி இருக்காங்கன்னு சொல்லு."

"சொன்னேன்மா. பட்டியலைக் காட்டுறார். படிக்கவா? ரெண்டாம் பக்கம், ஆறாவது வரி. லிஃப்ட் பழுதுபார்க்கும் பணிகள் கூடாது. எவன் இதை எழுதினான்னு தெரியலம்மா. இந்த நாலு நாள்ல நான் திரும்பிப் போறது இது அஞ்சாவது தடவை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் கையில் பாதி அவிழ்த்த கட்டு அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத தெரு.

"தண்ணியே இல்லையே தம்பி" என்றார். "குழியில தண்ணியே இல்லையே."

அவருக்கு வாய் குழறி நான் பார்த்தது அன்றுதான். மெக்கானிக்குக்கு ஒரு அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுத்துவிடுங்கள் என்றேன். தடைப் பட்டியலில் உள்ள தொழிலுக்குச் சீட்டுத் தரக்கூடாது என்ற விதியைப் பழைய கட்டிலிருந்து எடுத்துப் போட்டவரும் அக்காதான். பட்டியலைத் திருத்தினால்தான் ஆகும். அதிகாரியோ காய்ச்சல் என்று வீட்டில் தனியாக இருந்தார். நான்தான் போன் போட்டேன். அக்காவின் தங்கை என்றதும் மனிதர் பதறிப்போனார். ஒரே வரித் திருத்தம், படம் எடுத்து அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றார். காவல் நிலையத்துக்கும் அவரே பேசினார். ஆரம்பித்து முடிய இருபது நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும்.

தகவல் தடுப்புக்குப் போய்ச் சேர்ந்து, பதினொன்றேகாலுக்கு லிஃப்ட் ஓடியது. ஏதோ ஒரு ஒயர், பத்து நிமிஷ வேலையாம். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "படுத்தாச்சு. ஊசி குத்தியாச்சு. யாருக்கா அந்த மகராசன், லிஃப்ட் கூடாதுன்னு எழுதினவன்?"

அக்கா கைபேசியை வைத்துவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. டீ இல்லாத ஊரில் டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது. அப்போது அவர் கையை நீட்டினார்.

"அழைப்புப் பதிவேட்டை எடு."

எதற்கு என்று கேட்க வாயெடுத்தவனுக்கு அடுத்த நொடியே ஏழாவது மாடிப் பெரியவர் நினைவுக்கு வந்தார். இரண்டாம் நாள் பக்கத்தைத் தேடித் திருப்பினேன். எண்ணைப் பார்த்து அக்காவே அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். நாலைந்து மணி அடித்தபிறகு அந்தப் பெரியவர் எடுத்தார்.

"ஐயா, ஆபீஸ்ல இருந்து பேசறேன். லிஃப்ட் தடையை எடுத்தாச்சுங்க. உங்க மெக்கானிக் இப்ப வரலாம். யாரும் தடுக்க மாட்டாங்க."



"நல்லதும்மா" என்றார். "இனிமே அவசரம் இல்லைங்க. அவ நேத்து காலையில போயிட்டா. படி வழியாவே இறக்கிட்டோம். நாலு பேர் வந்தாங்க, ஏழு மாடியும் தூக்கிட்டாங்க. எங்கேயும் நிறுத்தலைம்மா. அதுக்குத் தடை இல்லையாம், பட்டியல்லயே இருக்குன்னாங்க."

அக்கா கைபேசியை மேசையில் வைத்தார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பெரியவர் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, கடைசிக் கட்டம் வரை நகர்த்தினார். என்ன பதில் சொன்னோம் என்று எழுதும் கட்டம் அது. பாராட்டு வாங்கிய சந்தோஷத்தில் அன்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

"படி தம்பி" என்றார்.

படித்தேன். "உத்தரவு விளக்கப்பட்டது. மனுதாரர் நன்றி தெரிவித்தார். முடிந்தது."